பாக்கியை வைத்துக்கொண்டு மதிப்பெண் போடலாமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசுக் கல்லூரிகளுக்கு நிதி, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்த்துத் தரப்படுவதில்லை. எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் அடுத்த கட்டத்துக்குத் தேறினார்கள் என்று பார்த்தே தரப்படுகிறது. 2010 சட்டம் கொண்டுவந்த முறை இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்காக 1912-இல் தொடங்கப்பட்ட டென்னசி அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநில அரசு அதற்கு முப்பதாண்டுகளில் சுமார் 210 கோடி டாலர் குறைத்துத் தந்திருப்பதாக, 2023 செப்டம்பரில் அமெரிக்க மத்திய அரசின் கல்வி, வேளாண் அமைச்சர்கள் ஆளுநருக்கே கடிதம் எழுதினார்கள். ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதே மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரிலுள்ள பெரிய பல்கலைக்கழகத்தை அளக்கும் அதே முறையில் இதையும் அளப்பது என்ன நியாயம்?

ஏழை மாணவர் அடுத்த கட்டத்துக்குத் தேறினாலோ பட்டம் பெற்றாலோ நிதிக் கணக்கில் கல்லூரிக்குக் கூடுதல் புள்ளி உண்டு. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தேறினால்தானே புள்ளி? இரவெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் கண் சொருகும் பிள்ளை, கட்டணம் கட்ட முடியாமல் ஒரு பருவம் நின்றுவிட்டால், அவனுக்குக் கைகொடுக்க வேண்டிய கல்லூரிக்கே பின்னர் பணம் குறையக்கூடும். வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கும் கல்லூரிக்கு இந்தக் கவலையே இல்லை.

முதலில் அந்தப் பாக்கியைத் தீர்க்கட்டும். அதுவரை அந்தப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை நிதியில் கைவைக்கக் கூடாது.

– ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், மதுரை