செத்தவன் பெயரைத் தமிழில் போடுங்கள்

ஓடிடி தளத்தின் தமிழ் சப்டைட்டில் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். மூன்று தடவை புகார் அனுப்பி மூன்று தடவையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றே பதில் வந்ததால், இதை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். கின்ஜி ஃபுகாசாகு 1973இல் எடுத்த யாகுசா படம், அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பல் படம், 'ஜிங்கி நாகி ததகாய்'. அதில் ஒருத்தன் சுடப்பட்டு விழுந்ததும் காட்சி அப்படியே உறைந்து நிற்கும், செத்தவன் பெயரும் தேதியும் ஜப்பானிய எழுத்தில் வரும். ஹிரோஷிமா பக்கத்துக் கூரே துறைமுகத்தில் நிஜமாக நடந்த கும்பல் சண்டையை, அதில் இருந்த ஒரு யாகுசாவே எழுதிவைத்த நினைவுகளிலிருந்து எடுத்த கதை என்பதால், அந்த எழுத்துதான் படத்துக்கே முதுகெலும்பு. உங்கள் தமிழில் அந்த இடத்தில் வருவது: [இசை].

இதை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். படம் உறையும்போதெல்லாம் "இப்ப யாருடா செத்தது?" என்பார். கட்சி மாறிக்கொண்டே இருக்கும் கூட்டம் அது, நான் ஃபோனில் தேடிச் சொல்வதற்குள் அடுத்தவன் விழுந்திருப்பான். அரை மணி நேரத்துக்கு அப்புறம் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். ஆகவே கேட்பது ஒன்றுதான்: செத்தவன் பெயரைத் தமிழில் போடுங்கள்.

இன்னொன்று. 'அனிகி' என்றால் அண்ணன். 'அண்ணே' என்று கைக்கெட்டும் தூரத்தில் சொல் இருக்க, 'சகோ' எதற்கு? கும்பல் தலைவரைச் சொல்லும் 'ஓயாபுன்' என்பதில் 'ஓயா' பெற்றவரைக் குறிக்கும். அவரிடம் சாகே என்ற அரிசி மதுக் கிண்ணம் வாங்கிக் குடித்துத்தான் அவருக்குப் பிள்ளையாகிறார்கள். அவரைப் போய் 'முதலாளி' ஆக்கிவிட்டீர்கள். அந்தத் தகப்பன் ஸ்தானத்து யாமாமோரி பிள்ளைகளை ஒருத்தன் மேல் ஒருத்தனை ஏவிவிட்டு, மாட்டிக்கொண்டால் அழுதே காரியம் சாதிப்பதுதானே கதை. முதலாளி ஏமாற்றினால் அதில் என்ன அதிர்ச்சி இருக்கிறது? ஹிரோஷிமா வட்டார வழக்கை நெல்லைத் தமிழில் எழுதுங்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

கதாநாயகன் ஹிரோனோ மன்னிப்புக்காகச் சுண்டுவிரலை வெட்டிக்கொள்ள, துண்டு எங்கோ தெறித்துப் போய், ஆளாளுக்குத் தேடி, கடைசியில் கோழிகள் நடுவே கிடைக்கிறது. யாகுசா மானத்துக்கு அந்த இடத்தில் ஒரு குட்டு வைக்கிறார் ஃபுகாசாகு. உங்கள் திரையிலோ கீழே 'புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு'. சரி, அது சட்டம், அதற்கு உங்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் எச்சரிக்கையைத் தமிழில் போடத் தெரிகிறது, சந்தா ஏறிய செய்தியை நல்ல தமிழில் அனுப்பத் தெரிகிறது, நாலு பெயரைப் போட மட்டும் ஆள் இல்லையா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த ஒரு மனிதரை உட்காரவைத்து, தயவுசெய்து செத்தவர்கள் பெயரைப் போட்டுவிடுங்கள். இந்த வரிசையில் இன்னும் நாலு படம் இருக்கிறது. அடுத்ததைப் போடவா என்று நேற்று கேட்டதற்கு அப்பா, "பேர் போட்டுட்டாங்களா?" என்றார்.

இப்படிக்கு,
மாதா மாதம் தவறாமல் சந்தா கட்டும் ஒருவன்