மலைக்கு எந்த லென்ஸ்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஒருவழியாக மலையேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டாய் என்பதில் ரொம்பச் சந்தோஷம். 16-35, 24-70, 70-200 மி.மீ. என்ற மூன்று லென்ஸில் எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று கேட்டிருந்தாய். யோசிக்காமல் 16-35ஐ விட்டுவிடு.

மலை பெரிது, அதனால் வைட் லென்ஸ்தான் (மி.மீ. எண் சிறிதாக, காட்சியை அகலமாகப் பிடிப்பது) வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார். 10 கிலோமீட்டர் தள்ளி, நீ நிற்கும் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் எழும்பி நிற்கிற சிகரம் 16 மி.மீ. லென்ஸில், படம் பதியும் சென்சாரின் மேல் 3.2 மி.மீ. உயரத்துக்குத்தான் விழும். ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரின் உயரம் 24 மி.மீ. மிச்சமெல்லாம் வானமும் காலடிக் கல்லும்! அதே இடத்தில் 100 மி.மீ. போட்டால் 20 மி.மீ. வரும். கண்ணுக்கு முன்னால் மலைக்கவைத்த சிகரம் படத்தில் மண்மேடாகிப் போவது இதனால்தான். உருகிய பனித் தேக்கம், பிளந்த பாறை என்று காலடியில் வலுவாக ஏதாவது இருந்து, அதை அரை மீட்டர் வரை நெருங்கி எடுத்தால்தான் வைட் லென்ஸுக்கு வேலை. அதற்கு 24 மி.மீ. தாராளம்.

ஆக, 24-70, 70-200. இரண்டாவதில் எஃப் 4 போதும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது), எஃப் 2.8 அதைவிடக் கனம், நீ எடுக்கப்போவதோ பெரும்பாலும் எஃப் 8இல். துவாரத்தை எஃப் 16ஐத் தாண்டி மூடினால் கூர்மை கண்ணுக்குத் தெரிந்தே குறையும். அகலக் காட்சி வேண்டுமென்றால் கேமராவைச் செங்குத்தாக வைத்து 70இல் ஐந்தாறு படம் எடு, பிறகு ஒன்றாக ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் முந்தையதை மூன்றில் ஒரு பங்கு மூடட்டும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றும் படத்துக்குப் படம் மாறாதபடி மேனுவலில் வைத்துவிடு.

லென்ஸின் முன் மாட்டி வானத்தை இருளாக்கும் போலரைசர் ஃபில்டரை அப்போது கண்டிப்பாகக் கழற்றிவிடு. சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தில்தான் அது அதிகம் வேலை செய்யும். அகலப் படத்தில் அந்த ஒரு திட்டு மட்டும் இருண்டு, பிறகு எப்படித் திருத்தினாலும் போகாது. உயரத்தில் காற்று மெலிந்து வானம் தானாகவே கருநீலமாக இருக்கும். போலரைசரை முழுக்கத் திருப்பினால் மைக்கறுப்பாகிவிடும்.

70-200 போன்ற நீண்ட லென்ஸின் எதிரி இடையிலுள்ள காற்று. வெயில் ஏறினால் தரை சூடாகி, தூரத்து விளிம்புகள் நெளியும். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. விடிவதற்கு அரைமணி முன்பே முக்காலி நின்றிருக்க வேண்டும். உச்சியில்தான் முதல் வெளிச்சம் படும்; பள்ளத்தாக்கு அப்போது இருட்டாகவே இருக்கும். அந்த நிறம் சில நிமிடம்தான். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதே, காற்றில் ஆடும். ஃபோகஸுக்கு லென்ஸிலுள்ள முடிவிலிக் குறியை நம்பாதே. லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) 10 மடங்கு பெரிதாக்கி, தூரத்து முகட்டின் விளிம்பைப் பார்த்துத் திருப்பு.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர், பனியை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். 1 முதல் 1⅔ ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வரை கூட்டி, ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் இடிக்காமல் பார்த்துக்கொள். RAW கோப்பாக (கேமரா திருத்தாத மூலத் தரவு) எடு, நிழல்பட்ட பனியின் நீலத்தைப் பிறகு வேண்டிய அளவு குறைக்கலாம். என்னைக் கேட்டால் முழுதும் நீக்காதே, அந்த நீலம்தான் குளிரைச் சொல்கிறது.

பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வை. குளிரில் தீர்ந்ததாகக் காட்டுவது, சூடானதும் கொஞ்சம் உயிர்பெறும். இரவு கூடாரத்துக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடு. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படியும். லென்ஸுக்குள் போய்விட்டால் மறுநாள் காலை படமே இல்லை. இரண்டு மணி நேரமாவது பையைத் திறக்காதே. அன்றைய படங்களைப் பார்க்கக் கை துறுதுறுக்கும், அதனால் மூடும் முன்பே மெமரி கார்டைக் கழற்றி எடுத்துக்கொள்.

போய்வந்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்