'படம்: இணையம்' என்று போடுவதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் மலை ரயில் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மேலே போட்டிருந்த படத்தில்தான் வில்லங்கம். கல் தூண்கள் வரிசையாக நிற்க, மேலே ஒரு சின்ன ரயில் வளைந்து போகிறது. அதன் கீழே 'கல்லாறு – குன்னூர் பாதையில் ஊட்டி ரயில்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, எறும்பு ஊர்கிற எழுத்தில், 'படம்: இணையம்'.

அது ஊட்டி இல்லை சார். எங்கள் பதிமூன்று கண் பாலம். செங்கோட்டையில் பஸ் ஏறி, புளியரை எஸ் வளைவு தாண்டி, ஆரியங்காவு வழியாக இறங்கினால் கழுதுருட்டி பக்கம் கொல்லம் ரோட்டை ஒட்டியே நிற்கிறது. இந்தப் பக்கத்துக்காரர்கள் பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கண்களை எண்ணிப் பார்த்துத்தான் பதிமூன்று வரை எண்ணவே கற்றுக்கொண்டோம்.

பேப்பரை டீக்கடையில் விரித்து வைத்திருந்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் தினமும் அங்கே வருவார். ஒரு பார்வைதான் பார்த்தார். "ஊட்டி வண்டின்னா நடுவுல பல்லுத் தண்டவாளம் கிடக்கணுமே வே, இதுல எங்க கிடக்கு?" என்றார். கல்லாறில் இருந்து குன்னூர் வரை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும், எங்கள் பாதையில் அது கிடையாது. படம் மேட்டில் ஏறி நின்று எடுத்தது, அதனால் தண்டவாளம் தெளிவாகவே தெரிகிறது. அடுத்து வண்டியைப் பார்த்தார். மீட்டர் கேஜ். இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி 2010-ல் நின்றுபோனது, அகலப் பாதை போட்டு முழுசாக வண்டி ஓடியது 2018-ல். அப்போ இந்தப் படம் 2010-க்கு முந்தையது. கையில் டீ கிளாஸ் ஆறுவதற்குள் ஊரையும் காலத்தையும் சொல்லிவிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படம் மாறிப்போனதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை, எல்லோருக்கும் தப்பு நடக்கிறதுதான். என் வருத்தம் அந்த 'இணையம்' என்ற சொல் மேலே. அது என்ன ஊரா, ஆளா, கடையா? கல்யாண வீட்டில் மொய் நோட்டில் பெயர் எழுதும் இடத்தில் 'ஊர்' என்று எழுதினால் எப்படி இருக்கும்? யாரோ ஒருவர் அட்டை கடிக்க அந்த மேட்டில் ஏறி, வண்டி வருகிற நேரம் வரை காத்திருந்து எடுத்திருக்கிறார். அவர் பெயர் 'இணையம்' இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற விக்கிமீடியா காமன்ஸ் மாதிரி தளத்தில் இருந்து எடுத்திருந்தால், எடுத்தவர் யார், எந்த நிபந்தனையில் தருகிறார் என்று படத்துக்குக் கீழேயே போட்டிருப்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள் என்பதுதான் அங்கே இருக்கும் பெரும்பாலான படங்களுக்கு நிபந்தனை. காசு கேட்கவில்லை, பெயரை மட்டும்தான் கேட்கிறார்கள், அதையும் கொடுக்காவிட்டால் எப்படி?

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நான் செய்த கூத்தையும் கேளுங்கள்.

எனக்குத் தொழில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. நேரம் கிடைத்தால் இணையத்தில் பழைய படம், பழைய வரைபடம், ஸ்கேன் செய்துபோட்ட பழைய புத்தகம் என்று மேய்வது பழக்கம். எங்களைப் போல இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் செங்கோட்டையிலும், தென்காசியிலும், மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் வரைக்கும் இருக்கிறோம். கண்டதை ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வோம். ஒருநாள் காலையில், காப்பி கூடக் குடிக்கவில்லை, ஒரு படம் வந்து விழுந்தது. பழுப்பேறிய தாள், தமிழில் கூட்டெழுத்து, மேலே ௲௭௰௨ என்று பழைய எண். '1072-ஆம் ஆண்டு சோழர் காலத்துப் பத்திரம்! தமிழன் என்றால் பகிரவும்!' என்று கீழே மூன்று ஆச்சரியக்குறியோடு இருந்தது. எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். ௲ ஆயிரம், ௭௰ எழுபது, ௨ இரண்டு. சரி, 1072 சரிதான். மூன்று இடத்துக்குத் தட்டிவிட்டேன்.

பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பத்திரம் எழுதுகிற அண்ணாச்சியிடம் இருந்து குரல் பதிவு. "என்னவே, சோழ ராசா ஸ்டாம்பு பேப்பர்லயா எழுதிக் குடுத்தான்? மூலையில பாருவே, சங்கு இருக்கு." பார்த்தேன். வலது மூலையில் பாதி வெட்டுப்பட்டு ஒரு சங்கு முத்திரை. திருவிதாங்கூர் சர்க்கார் சங்கு. 1072-ல் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும், அவர் எங்கே போய் ஸ்டாம்பு வெண்டரைத் தேடுவார்?

அந்த 1072 கொல்லம் ஆண்டு. கி.பி. 825-ல் ஆரம்பித்த மலையாளத்து ஆண்டுக் கணக்கு, அந்த நாட்டின் தெற்கே ஆவணியில் வருஷம் பிறக்கும், வடக்கே கன்னி மாசத்தில், அதாவது நம் புரட்டாசியில் பிறக்கும். ஆவணியில் இருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியில் இருந்து ஆடி முடிய 825 கூட்டணும். பத்திரத்தில் இருந்தது ஆடி மாசம். அப்போ 1897. மூலம் திருநாள் மகாராஜா காலம். ஆயிரம் வருஷம் என்று நான் தட்டிவிட்டது நூற்றிச் சொச்ச வருஷத்துச் சமாச்சாரம்.

இதில் வெட்கம் என்னவென்றால், கொல்லம் ஆண்டு போட்ட பத்திரங்களை என் கடையிலேயே நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில்தானே இருந்தது. தாத்தா காலத்துச் சொத்துக்கு மூலப்பத்திரம் தேடி வருகிறவர்கள் கையில் அந்த மாதிரித் தாள் இருக்கும். தெரிந்த ஆளே ஏமாந்தேன் என்றால் காரணம் இரண்டு. ஒன்று, அந்த மூன்று ஆச்சரியக்குறி. இன்னொன்று, படத்தை வெட்டியிருந்தார்கள். புனலூரில் படிக்கிற எங்கள் பெண் ஒருத்தி படத்தை வைத்தே தேடுகிற கூகுள் லென்ஸில் போட்டுத் தேடி, முழுத்தாளையும் கண்டுபிடித்தாள். பழைய ஸ்டாம்பு சேகரிக்கிற ஒருவருடைய பக்கத்தில் இருந்தது. அதில் 'கொல்லம்' என்ற சொல் மேல் வரியில் பளிச்சென்று இருக்கிறது, ௵, ௴ என்று வருஷத்துக்கும் மாசத்துக்கும் போடுகிற சுழியெல்லாம் இருக்கிறது, வெளியிட்டவரே திருவிதாங்கூர் என்று எழுதியும் வைத்திருக்கிறார். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் மேல் வரியை வெட்டி எறிந்துவிட்டுச் சோழனை ஒட்டியிருக்கிறான். எங்கே எடுத்தது என்று அவன் ஒரு சொல் எழுதியிருந்தால் எனக்கு அந்த அவமானம் இல்லை.

ஆனால் முழுத்தாள் கிடைத்த பிறகு நடந்ததுதான் ருசி. விலை பணத்தில் எழுதியிருந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், "மாமா, இத்தனை பணம்னா எத்தனை பணம்?" எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் அது எவ்வளவு சரியான கேள்வி என்று தெரிந்தது, பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. பணம் என்பதே அங்கே ஒரு நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று எங்கள் ஆச்சிக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம், ஆனால் அவளிடம் யாரும் கேட்டதே கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் கேட்டோம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம், அந்த அரைச் சக்கரத்தில்தான் சந்தைக்காரன் ஏமாற்றுவான் என்று அவளுடைய அப்பா சொன்னதாகச் சொன்னாள். அந்த அரைச் சக்கரம் எந்த ஃபார்வர்டிலும் வராது.

திருவிதாங்கூர் தபால் தலையிலும் அதே சங்குதான், அதனால் அந்தச் சங்கில் இருந்தே இன்னொரு கேள்வியும் கிளம்பியது. புனலூர்ப் பெண் கேட்டாள்: நாம் வாயால் சொல்வது தபால், ஆபீஸ் போர்டில் இருப்பது அஞ்சல், திருவிதாங்கூரில் ராஜா நடத்திய தபாலுக்கும் அஞ்சல் என்றே பெயர், எங்கள் பக்கம் அஞ்சல் என்று ஒரு ஊரே இருக்கிறது, இதில் எது எங்கிருந்து வந்தது? கிளம்பிவிட்டது சண்டை. திருவிதாங்கூரில் திவானாக இருந்த வெள்ளைக்காரர் கர்னல் மன்றோ வைத்த பெயர், கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது என்று ஒருவர். அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை, அசல் தமிழ்ச் சொல் என்று இன்னொருவர். தபால் மராத்தியிலும் இருக்கிறதே என்று மூன்றாவது ஆள். நடுவில் ஒருவர் 1906-ல் நாகம் ஐயா எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் மூன்று பாகத்தையும் ஸ்கேனாக இறக்கிப் போட்டுவிட்டார், இரண்டு நாள் யாருக்கும் தூக்கம் இல்லை. மணி கட்டிய கோலோடு ஓடின அஞ்சலோட்டக்காரன், 1951-ல் அந்த அஞ்சலை இந்தியத் தபாலோடு சேர்த்தது, அதற்கு முன்னால் ஒரே ஊரில் இரண்டு சர்க்கார் தபால் பெட்டியும் இருந்த கதை என்று ஒவ்வொன்றாக வந்தது. மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு பக்கத்தைப் படித்துச் சொல்ல, தமிழ்க் கூட்டெழுத்து தெரிந்தவர்கள் இன்னொரு பக்கத்தைப் படித்துச் சொல்ல, எல்லைக்காரனாகப் பிறந்ததில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கேள்வி இன்னும் முடியவில்லை. முடியவேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் கண்ட வரையில், எதையாவது கண்டெடுத்து 'பாருங்கள், அதிசயம்' என்று போட்டால் கட்டைவிரல் மட்டும்தான் வரும். 'இது என்ன, யாருக்காவது தெரியுமா' என்று போட்டால் ஆள் வருவான். இதில் சில படித்த ஆட்கள் 'இதுகூடத் தெரியாதா, கூகுள் பண்ணிப் பாரு' என்று முகத்தில் அடிக்கிறார்கள். அந்தப் பையன் பணம் பற்றிக் கேட்டபோது அப்படிச் சொல்லியிருந்தால் ஆச்சியின் அரைச் சக்கரம் ஆச்சியோடேயே போயிருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இணையத்தில் இருந்து படம் எடுத்தால் எந்தத் தளம், யார் எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்பதைப் போடுங்கள், தெரியாவிட்டால் 'எடுத்தவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் எழுதுங்கள்' என்று போடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் இருந்தே பத்துக் கடிதம் வரும். முடிந்தால் அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களை நகல் எடுத்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்தில் ஒரு தட்டுத் தட்டிச் சேமித்தும் வையுங்கள், இணையத்தில் இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. ஆளாளுக்கு இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009-ல் மூடினபோது எத்தனை பேர் வீட்டுப் பக்கங்கள் ஒரே நாளில் போனது. ஞாயிறு இணைப்பில் ராசிபலனுக்குப் பக்கத்தில் நாலு விரல்கடை இடம் இருந்தால் வாரம் ஒரு வாசகர் கேள்வியைப் போடுங்கள், பதில் எழுத நாங்கள் இருக்கிறோம். ராசிபலனையே எடுத்துவிட்டுப் போடச் சொல்லலாம், ஆனால் என் வீட்டிலேயே அதற்கு எதிர்ப்பு இருக்கிறது.

கடைசியாக அந்த ரயில்வே அண்ணாச்சி விஷயம். உங்கள் படத்தில் எஞ்சினுக்கு வெளியே ஒரு தலை நீட்டிக்கொண்டிருக்கிறது, பேப்பரில் கடுகு அளவுதான் தெரிகிறது. அது தன்னுடைய மச்சான் என்கிறார் அவர். மச்சான் இந்தப் பாதையில்தான் ரொம்ப வருஷம் வண்டி ஓட்டினாராம், வளைவில் அப்படித்தான் தலையை நீட்டித் திரும்பிப் பார்ப்பாராம், போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. வண்டியில் இருக்கிற மாதிரி ஒரு படம்கூட வீட்டில் கிடையாது. நாங்களும் லென்ஸில் போட்டுப் பார்த்தோம், பேப்பர் அச்சில் இருந்து எடுத்த படத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அசல் எங்கே இருக்கிறது என்று சொன்னால் பெரிதாக்கி முகத்தைப் பார்த்துவிடலாம். அவர்தான் என்றால் நல்ல தாளில் ஒரு பிரிண்ட் போட்டு அவருடைய சம்சாரத்துக்குக் கொடுக்கவேண்டும், காசு வாங்கப் போவதில்லை. கட்டுரையைப் பக்கம் வைத்தவரிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள் சார். அண்ணாச்சி தினமும் கடைக்கு வந்து, பதில் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்