முகப்பு பழையது, அறை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரின் நடுவே நிற்கும் பழம்பெரும் ஓட்டல்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முகப்பின் அழகையும் மரப் படிக்கட்டின் கம்பீரத்தையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் பணம் கட்டித் தங்க வருபவர் இரவைக் கழிப்பது ஓர் அறையில்தான். அந்த அறை கட்டடத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அதன் குறை நிறை என்ன என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடும் வழக்கம் பல ஓட்டல்களில் இல்லை.

மும்பை தாஜ்மகால் ஓட்டலின் பழைய மாளிகை 1903இல் திறக்கப்பட்டது. அதையொட்டிய கோபுரக் கட்டடம் 1970களில் வந்தது. எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்டே அங்கு அறை எடுக்கலாம். எல்லா இடங்களிலும் இந்த வசதி கிடைப்பதில்லை. விளம்பரப் படத்தில் பழைய வளைவுகளைப் பார்த்து மயங்கிப் போனவர், பின்புறம் ஒட்டிக் கட்டிய, எங்கும் காணக்கூடிய ஓர் அறையில் படுத்தெழுந்து வருவதும் உண்டு.

பழைய பகுதியிலேயே இடம் கிடைத்தாலும் சில சங்கடங்கள் இருக்கும். 1889இல் லண்டனில் சவாய் ஓட்டல் திறக்கப்பட்டபோது மின்விளக்கு, லிஃப்ட் ஆகியவற்றோடு குளியலறைகளின் எண்ணிக்கையும் அதிசயமாகப் பேசப்பட்டது என்றால், அக்காலத்து மற்ற ஓட்டல்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அவற்றில் பலவும் பின்னாளில் அறையின் ஒரு மூலையைத் தடுத்துத்தான் குளியலறை அமைத்தன. நான் தங்கிய ஓர் ஓட்டலில், கூரையோரம் ஓடிய சுதை வேலைப்பாட்டின் பூங்கொடி தடுப்புச் சுவரில் முட்டி நின்று, மறுபக்கம் ஷவருக்கு மேலே மீண்டும் தொடர்ந்தது. குழாயைத் திறந்து வெகுநேரம் காத்திருந்த பிறகே வெந்நீர் வந்தது. (அந்தப் பூங்கொடியை நிதானமாகப் பார்க்க அதனால் நேரம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சத்தம் இன்னொரு தொல்லை. 1987இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஓட்டல் போன்ற கட்டடங்களின் வெளித்தோற்றத்தை விருப்பம்போல் மாற்ற முடியாது. அத்தகைய பாதுகாப்பு உள்ள இடங்களில் ஒற்றைக் கண்ணாடி மரச் சன்னல் அப்படியே இருக்க நேர்ந்தால், விடிவதற்கு முன் குப்பை அள்ள வரும் லாரியின் இரைச்சல் தலைமாட்டில் கேட்கும். உள்முற்றம் பார்த்த அறை அமைதியாக இருக்கும், வெளிச்சம்தான் குறைவு. மேல்தளம் மரப்பலகையாக இருந்தால் அங்கே நடப்பவரின் ஒவ்வோர் அடியும் கீழே இறங்கும். எந்த எண்ணுள்ள அறையில் எந்தத் தொல்லை என்பது வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கு அத்துப்படி. ஆயினும் நாம் கேட்டாலொழிய அவர்கள் வாய் திறப்பதில்லை. ஒரே ஓட்டலை ஒருவர் சொர்க்கம் என்றும் மற்றொருவர் கொடுமை என்றும் எழுதுவதற்கு, இருவரும் தங்கிய அறைகள் வேறு என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடும்.

பழைய பகுதியா புதியதா, தெருப்பக்கமா முற்றமா, லிஃப்டிலிருந்து இறங்கிய பிறகும் படியேற வேண்டுமா என்பவற்றை அறையின் படத்துக்குக் கீழேயே எழுதிவிடலாம். முதியவர்களுக்குக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். தங்கள் இதழும் இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, எழுதியவர் எந்தப் பகுதியில், எந்த வகை அறையில் தங்கினார், கட்டணம் செலுத்தித் தங்கினாரா அல்லது நிர்வாகத்தின் விருந்தினராகவா என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்