கூடலும் மகிஷனும்

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிறன்று நீ அனுப்பிய துர்க்கைப் படத்தைப் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். எட்டுக் கைகளும் சரியாக அமைந்திருக்கின்றன. சிங்கத்தின் பிடரியில் நீ பூசியிருக்கும் காவி நிறம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால், இந்தக் காலத்து ஓவியத்தில் புராணத்துக்கு என்ன வேலை என்று உடன் வரைபவர்கள் கேட்பதாகவும், உனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் அன்று அது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவள் என்ற உரிமையில் எழுதியே சொல்கிறேன்.

நீ இப்போது வாழும் மும்பையிலேயே அதற்கு விடை இருக்கிறது. ஓவியர் தயேப் மேத்தா என்ற பெயரை நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1925இல் குஜராத்தின் கபட்வஞ்சில் பிறந்து, 2009இல் மும்பையில் மறைந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரத்தின்போது மும்பையின் முகமது அலி சாலையில் தங்கியிருந்த அவர், தம் வீட்டுச் சன்னல் வழியே, கீழே தெருவில் ஒரு மனிதனைக் கூட்டம் அடித்துக் கொன்றதைப் பார்த்தார். அதற்குப் பின் பல நாள் காய்ச்சலில் கிடந்தார். அந்த மனிதனைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்தார் என்பது என் எண்ணம். ஆனால் ஒருமுறைகூட அந்தத் தெருவையோ கூட்டத்தையோ நேராக வரையவில்லை.

முதலில் அவருக்குக் கிடைத்த உருவம் ஒரு காளை. இறைச்சிக்கூடத்தில் நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டித் தரையில் தள்ளப்பட்ட காளையை அவர் 1950களிலேயே வரைந்தார். அவ்வளவு வலிமை கொண்ட உடம்பு எழ முடியாமல் கிடப்பதை அவரால் மறக்க முடியவில்லை. 1970இல் இந்திய அரசின் திரைப்படப் பிரிவுக்காக அவர் எடுத்த குறும்படத்திலும் பாந்திரா இறைச்சிக்கூடத்தின் காளை வருகிறது. அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கூடல்’. நம் தமிழ்ச் சொல்தான். ஒன்றுசேரும் இடம் என்ற பொருளுக்காக, தமிழ் பேசாத ஒருவர் நம் மொழியில் வந்து எடுத்துக்கொண்ட அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மதுரைக்கு நாம் கூடல் என்று பெயர் சொல்வதும் அதே சொல்தானே.

1984, 85ஆம் ஆண்டுகளில் சாந்திநிகேதனில் விருந்தினர் ஓவியராகத் தங்கியிருந்தார். வங்காளம் தேவியை வழிபடும் நாடு. அதற்குப் பின்தான் அவருடைய காளி வந்தாள். 1990களில் மகிஷாசுர வரிசை வந்தது. அவற்றில் 1997ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று 2005இல் நியூயார்க் ஏலத்தில் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனதைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. விலையை விட்டுவிட்டு அந்த வரிசையின் கோடுகளைப் பார்.

என்னிடம் உள்ள புத்தகத்தில் அச்சாகியிருக்கும் படத்தின்மேல் பென்சிலின் பின்முனையை வைத்துத் தேவியின் தோளிலிருந்து மெல்ல நகர்த்தினேன். கை என்று எண்ணிச் சென்ற கோடு எருமையின் உடம்புக்குள் போய்விட்டது. எருமையின் கால் என்று பிடித்த கோடு தேவியின் இடுப்புக்குத் திரும்பியது. நிழலில்லை, உருட்சியில்லை, தட்டையான வண்ணப் பரப்புகள், அவற்றின் ஓரத்தில் மெல்லிய கோடு, அவ்வளவுதான். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாதபடி இரண்டு உடல்களும் பின்னிக் கிடக்கின்றன. இதைத் தழுவல் என்றும், நன்மையும் தீமையும் சமாதானம் ஆகும் நிலை என்றும் சிலர் விளக்குகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கால் கட்டப்பட்ட காளையின் வலி அந்த எருமையில் இன்னும் இருக்கிறது. கொல்பவரும் கொல்லப்படுபவரும் அந்த ஒரு கணத்தில் பிரிக்க முடியாதவர்களாகிவிடும் கொடுமையைச் சன்னலிலிருந்து பார்த்த ஒருவர், அதைச் சொல்ல ஐம்பது ஆண்டு தேடி, கடைசியில் புராணத்தில் கண்டுகொண்டார் என்றே நான் படிக்கிறேன்.

புராணத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. தேவி மகாத்மியத்தில் மகிஷன் சிங்கமாகவும் மனிதனாகவும் யானையாகவும் உருமாறி மீண்டும் எருமையாகிறான். அவள் காலால் மிதித்துச் சூலத்தால் குத்தும்போது எருமையின் வாயிலிருந்து பாதி உடம்போடு வெளிவருகிறான். முழு மிருகமும் அல்லாத, முழு மனிதனும் அல்லாத அந்தப் பாதி நிலையில்தான் அவன் தலை விழுகிறது.

நாம் பலமுறை பார்த்த மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையை இப்போது நினைத்துப் பார். எட்டுக் கைகளுடன் சிங்கத்தின்மேல் வில்லை வளைத்து வருகிறாள் தேவி. எதிரே மனித உடலும் எருமைத் தலையுமாக, கையில் கதாயுதத்துடன், தலைக்கு மேல் குடை பிடிக்கப்பட்டு நிற்கிறான் மகிஷன். பல்லவச் சிற்பி அவனை இழிவாகச் செதுக்கவில்லை. அவன் இன்னும் அரசன்தான், உடல் மட்டும் பின்னால் சாயத் தொடங்கிவிட்டது. இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அந்தச் சிற்பத்தின் உயிர் இருக்கிறது. சோழர் கோயில்களின் வடக்குச் சுவர் மாடத்தில் நிற்கும் துர்க்கையிடம் அந்த இடைவெளி இல்லை. போர் முடிந்து, காலடியில் எருமைத் தலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. தயேப் மேத்தாவிடமும் இடைவெளி இல்லை, ஆனால் போர் முடியவில்லை.

உன் படத்துக்கு வருகிறேன். உன் தேவியும் மகிஷனும் சரியான தூரத்தில் நிற்கிறார்கள். ஆனால் அந்தத் தூரம் நீ கண்டது அன்று, நாட்காட்டியிலிருந்து வந்தது. கைகளை எண்ணி வரைவதை நிறுத்திவிட்டு, நீ தினமும் மின்சார ரயிலில் பார்ப்பதாக எழுதுவாயே, அந்த நெரிசலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் உடல்களைக் கொஞ்ச நாள் வரைந்து பார். தேவி அப்போது வேண்டுமானால் வரட்டும், வராவிட்டாலும் பாதகமில்லை.

இத்துடன் மாமல்லபுரத்தில் உட்கார்ந்து நான் வரைந்த மகிஷனின் பென்சில் படத்தை வைத்திருக்கிறேன். தோளின் சாய்வு எனக்கு மூன்று முறையும் பிடிபடவில்லை. அழித்த தடம் தாளில் தெரியும். பொங்கலுக்கு வரும்போது உன் வரைதாள் புத்தகத்தைக் கொண்டு வா. காலை வெளிச்சம் உள்ளே வரும் நேரமாகப் பார்த்துப் போவோம், அந்தத் தோளை நீ வரை.

அன்புடன்,
அம்மா