சினிமா ஸ்டில் ஒட்டுனா ப்ராஜெக்ட் ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஸ்மார்ட் கிளாஸ் பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா போர்டு மாட்டியாச்சு சரி, அதுல பசங்க என்ன செய்றாங்கன்னு அதுல வரவே இல்ல. என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. கல்கியோட பொன்னியின் செல்வன் நாவல் பத்தி ப்ராஜெக்ட்னு சொன்னாங்க, பாதி கிளாஸ் சினிமா ஸ்டில்ல டவுன்லோட் பண்ணி ஸ்லைடுல ஒட்டிட்டு போச்சு, அதுவும் ராத்திரி அப்பா அம்மா உக்காந்து பண்ணதுதான். கதைய ஒருத்தரும் படிக்கல, மார்க் மட்டும் முழுசா விழுந்துருச்சு.

அதே கம்ப்யூட்டர்ல வேற மாதிரி பண்ணலாம்ங்க. கதாநாயகன் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரைல ஆரம்பிச்சு கடம்பூர், குடந்தை (கும்பகோணம்தான்), தஞ்சாவூர், பழையாறைன்னு சுத்தி கோடியக்கரை வரைக்கும் போறான்ல, அத கூகுள் மேப்ல பசங்களே குறிக்கட்டும், ஊருக்கு ஊர் அங்க என்ன நடந்துச்சுன்னு அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணி சேக்கட்டும். படிக்காம இத செய்யவே முடியாது. மேப் எங்க காட்டுமன்னார்கோயில்லேந்து கும்பகோணத்துக்கு அணைக்கரை வழியா ரோடு காட்டும், கதைல அவன் கொள்ளிடத்த ஓடத்துல தாண்டுறான். அணைக்கரைல அணை வந்ததே 1836லதான், ஆர்தர் காட்டன்ங்கற வெள்ளைக்கார இன்ஜினியர் காலத்துல. அப்ப அவன் எந்தப் பக்கமா போயிருப்பான்னு ஒரு பய கேட்டுட்டான்னா அந்த பீரியட் முழுக்க அதுலயே போயிரும், போகட்டுமே.

இன்னொண்ணு, எங்க உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில்ல ராஜராஜனோட 2ஆம் ஆட்சியாண்டு கல்வெட்டு இருக்கு. அவரோட அண்ணன் ஆதித்த கரிகாலன கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் போட்டு வெட்டியிருக்கு, அவங்க சொந்தக்காரங்க நிலம் வரைக்கும் பிடுங்குன கதை அது. அதுல ரவிதாசனுக்கு பஞ்சவன் பிரம்மாதிராஜன்னு பட்டம் வேற, அதாவது அரசாங்கத்துல பெரிய ஆளு. கல்கி அவன மந்திரவாதி ஆக்கிட்டாரு! பூங்குழலி, நந்தினியெல்லாம் அவரே படைச்சவங்க. யாரு கல்வெட்டுல இருக்கா, யாரு கற்பனை, இருக்குற ஆள ஏன் மாத்துனாருன்னு எக்செல்ல மூணு கட்டம் போட்டு பசங்க நிரப்பட்டும், அந்த மூணாவது கட்டத்துக்குத்தான் மார்க் போடணும், அதுக்கு சரியான விடைன்னு ஒண்ணு கிடையாது, டீச்சருக்கு திருத்த கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்.

செலவுன்னு சாக்கு சொல்ல முடியாது, கல்கி எழுத்து நாட்டுடைமை ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு, நாவல் மொத்தமும் நெட்ல இலவசமா கெடைக்குது. உங்க சிறுவர் பக்கத்துல பசங்க போட்ட இந்த மாதிரி மேப் ஒண்ணு ரெண்டு வெளியிட்டீங்கன்னா மத்த ஸ்கூலும் பாத்து செய்வாங்க. சினிமா ஸ்டில் இருந்தா மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்டுமன்னார்கோயில்