மேற்கோள் பட்டியலில் இல்லாதவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் என் மாணவர்கள் ஒன்றுகூடி, ஓய்வுபெற்ற எனக்குச் சிறு பாராட்டு விழா எடுத்தார்கள். என் கட்டுரைகளைத் திரையில் காட்டி, "சேருக்கு இதுவரை 161 மேற்கோள்கள்" என்று ஒரு பிள்ளை வாசித்தபோது மண்டபமே கைதட்டியது. மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் என் கட்டுரைகளைச் சுட்டிய தடவைகளைத்தான் மேற்கோள்கள் என்கிறோம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏற்புரையில் சொல்ல நினைத்த எதுவும் வாயில் வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அட்சரகணிதத்தில் மேற்கோள் மெல்லத்தான் வரும். மருத்துவக் கட்டுரைகளைப் போல எங்கள் கட்டுரைகளின் அடியில் நீண்ட பட்டியல் இருக்காது. அதனால் ஒரு துறையின் எண்ணிக்கையை இன்னொரு துறையோடு ஒப்பிடுவது சரியில்லை. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச் சுட்டெண்ணையும் அன்று திரையில் போட்டார்கள். என்னுடையது 6. குறைந்தது 6 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 6 இருக்கின்றன என்பதே அதன் பொருள். என் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையை 9 வருடம் ஒருவரும் தொடவில்லை. 2003இல் நான் முகம் பார்த்திராத ஓர் இத்தாலிய ஆய்வாளர் அதிலிருந்து ஒரு துணைத்தேற்றத்தை, அதாவது பெரிய நிறுவலுக்கு உதவும் சிறு முடிவை, எடுத்துத் தன் நிறுவலில் பயன்படுத்தினார். அவர் கட்டுரையைப் படித்துத்தான் மற்றவர்கள் என்னிடம் வந்தார்கள். அவருக்கு என் நன்றி.

பம்பலப்பிட்டியில் எனக்குத் தூய கணிதம் படிப்பித்த ரீச்சரை நினைக்காத நாளில்லை. உயர்தரப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை ஒருநாள் கரும்பலகையில் எழுதினார். 12இன் மடங்குகள் எல்லாம் 6இன் மடங்குகளுக்குள் அடங்கும். அவை 3இன் மடங்குகளுக்குள் அடங்கும். அவையோ முழு எண்கள் எல்லாவற்றுக்குள்ளும் அடங்கும். "அதுக்கு மேல ஏறேலாது, பாத்தியா?" என்று கேட்டுச் சோக்கட்டியைக் கீழே வைத்தார். எந்த எண்ணில் தொடங்கினாலும் இந்த ஏறும் சங்கிலி ஓரிடத்தில் நின்றே தீரும். இந்தப் பண்பை அடித்தளமாக வைத்து 1921இல் ஜெர்மன் கணிதவியலாளர் எமி நொய்தர் எழுதிய கட்டுரை வளையக் கோட்பாட்டின் போக்கையே மாற்றியது. முழு எண்களைப் போலக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய ஒரு தொகுதியைத்தான் வளையம் என்கிறோம். சங்கிலி நிற்கும் வளையங்களை இன்றும் அவர் பெயராலேயே நொய்தர் வளையம் என்கிறோம். பெண் என்பதால் ஜெர்மனியின் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பல வருடம் சம்பளமில்லாமல் படிப்பித்தவர் அவர். அன்று ரீச்சர் அவர் பெயரைச் சொல்லி, பலகையில் எழுதியும் காட்டினார். என் வாழ்நாள் வேலை அந்தப் பலகையில்தான் தொடங்கியது.

1983 ஜூலையில் எங்கள் வீடு எரிந்தது. குறிப்புப் புத்தகங்களும் அதோடு போயின. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்கள் ஆறு பேரையும் மூன்று நாள் தன் அறைக்குள் வைத்துக் காப்பாற்றினார். அவர் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் இதை வாசித்தால், நாங்கள் மறக்கவில்லை என்று அறியட்டும்.

1986இல் என் ஆய்வேட்டை ரைப் செய்து தந்த அக்காவுக்குக் கணிதம் தெரியாது. ஆனாலும் கிரேக்க எழுத்தும் குறியீடும் வரும் இடங்களில் எல்லாம் சரியான அளவுக்கு இடம் விட்டு அடிப்பார். நான் கறுப்பு மையால் நிரப்புவேன். 140 பக்கத்தில் ஓர் இடத்தில்கூடக் குறியீடு வரியை முட்டவில்லை. அப்புறம், வெளிநாட்டு நூலகங்களுக்குக் கடிதம் எழுதி எழுதி எனக்காகக் கட்டுரைப் பிரதிகளை எடுத்துத் தந்த நூலகர் அண்ணை. "தம்பி, வந்திட்டுது" என்று அவர் உறையை நீட்டும் காலைகளை எப்படி மறப்பேன்!

பெயர் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் வடிவத்தில் பெரிய பிழை ஒன்று இருந்தது. எல்லாச் சங்கிலியும் நிற்கும் என்று, அதற்கு உரிமையில்லாத இடத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். சஞ்சிகையின் மதிப்பீட்டாளர் கட்டுரையைத் தூக்கி எறியவில்லை. முடிவில்லாத மாறிகள் கொண்ட பல்லுறுப்பி வளையத்தை (x, y போன்ற மாறிகளால் ஆன கோவைகளின் வளையத்தை) எடுத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய மாறியைச் சேர்த்தால் சங்கிலி ஏறிக்கொண்டே போவதை இரண்டு பக்கத்தில் விளக்கியிருந்தார். எந்த நிபந்தனையைச் சேர்த்தால் என் தேற்றம் பிழைக்கும் என்றும் குறித்திருந்தார். இத்தாலியர் பயன்படுத்திய துணைத்தேற்றம் அந்த நிபந்தனையிலிருந்து பிறந்ததுதான்.

என் மாணவி ஒருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைதான் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடுவதே வழக்கம். அதனால் என் பெயர் முன்னால் வந்துவிட்டது. முக்கியமான யோசனை அவருடையது. பிள்ளை, இதை அன்றைக்கே மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

2022இல் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில் மேல்மாடிக் குடும்பத்தினர் தங்கள் இன்வேர்ட்டரில் என் கணினியைப் போட விட்டார்கள். கடைசிக் கட்டுரை அப்படித்தான் முடிந்தது. இத்தனை வருடமும் சாப்பாட்டு மேசையில் பாதியை எனக்கு விட்டுத்தந்த மனைவிக்கு என்ன சொல்ல! அவருக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

நூலகர் அண்ணை தந்த பிரதிகள் மூன்று பெட்டி நிறைய இருக்கின்றன. வளையக் கோட்பாடு படிக்கும் பிள்ளைகள் யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சேர்
வெள்ளவத்தை, கொழும்பு